எண்ணிக்கை சொல்வதும் வீட்டுவாசல் சொல்வதும்

(அறக்கட்டளையின் சமூகநலப் பிரிவு நடத்திய தொண்டூழியர் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)

 

புள்ளிவிவரங்களை எப்படிப் புரிந்துகொள்வது, கலப்பு முறை ஆய்வு என்றால் என்ன என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். மதிய அன்னதானம் முடிந்து கண் சொக்கும் நேரத்தில் இப்படியொரு தலைப்பா என்று நீங்கள் எண்ணுவது எனக்குத் தெரிகிறது. முப்பது ஆண்டுகள் கணக்கும் புள்ளியியலும் கற்பித்தவன் நான். வகுப்பில் தூங்குபவர்களை எனக்குப் பழக்கம்தான், தயங்க வேண்டாம்.

நாம் உதவித்தொகை அளித்துவரும் குடும்பங்களை அடுத்த மாதம் வீடு வீடாகச் சென்று பார்க்கப் போகிறோம். அதற்காகத்தான் இந்த உரை.

அன்னதானத்திலிருந்தே தொடங்குகிறேன். சமையற்கட்டில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. எத்தனை இலை விழுந்தது என்று பந்திக்குப் பந்தி எழுதி வைப்பார்கள். 640 இலை என்று எழுதியிருந்தால், அடுத்த வாரம் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று சமையற்காரர் தவறாமல் சொல்லிவிடுவார். அந்த வேலைக்கு அந்த எண் போதும். ஆனால் நன்கொடையாளர் ஒருவர், "ஐயா, பசியோடு வந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால் இலைக்குப் பதில் தெரியாது. காரில் வந்து பிரசாதமாக உண்டவரும் ஓர் இலை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவரும் ஓர் இலை. பசியிருந்தும் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிட்டவருக்கு இலையே இல்லை. எண் பொய் சொல்லவில்லை. அது எந்தக் கேள்விக்குப் பிறந்ததோ அந்தக் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது.

எண்ணி, அளந்து, அட்டவணையில் போடக்கூடிய தகவலை எண்வழித் தகவல் என்கிறோம். வருமானம், வயது, வருகை நாள், தேர்ச்சி விழுக்காடு எல்லாம் இதில் அடங்கும். பேசியும் பார்த்தும் பழகியும் அறிவது இன்னொரு வகை. இரண்டையும் ஒரே ஆய்வில், ஒன்றை மற்றொன்று சரிபார்க்கும் வகையில் பயன்படுத்துவதே கலப்பு முறை. ஒரு பக்கத்தில் அட்டவணையும் மறு பக்கத்தில் கண்ணீர்க் கதையும் அச்சிட்டுவிட்டால் அது கலப்பு முறை ஆகிவிடாது. நம் ஆண்டறிக்கைகள் பலவற்றில் அப்படித்தான் செய்திருக்கிறோம். அவற்றை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

எண்ணைப் படிக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்பது குடும்பங்களுக்கு மாத வருமானம் 1,800 ரிங்கிட். பத்தாவது குடும்பத்திற்கு 9,000 ரிங்கிட். சராசரி போட்டால் 2,520 வருகிறது. அந்தப் பத்து வீடுகளில் எந்த வீட்டிலும் 2,520 ரிங்கிட் கிடையாது! இப்படிப்பட்ட இடத்தில் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். இங்கே அது 1,800. அதுபோல, "75 விழுக்காடு தேர்ச்சி" என்று எங்கேனும் படித்தால் எத்தனை பேரில் என்று உடனே கேளுங்கள். நால்வரில் மூவர் தேறினாலும் 75 விழுக்காடுதான்.

இனி ஒரு கதை. உண்மையில் நடந்தது. சமூக ஆய்வு படிப்பவர்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

ஆஸ்திரியா நாட்டில், தலைநகர் வியன்னாவிலிருந்து சிறிது தூரத்தில் மரியன்தால் என்ற சிற்றூர். நம் தோட்டங்களைப் போலவே அது ஒரே முதலாளியை நம்பிய ஊர். அங்கே ரப்பர், செம்பனைக்குப் பதிலாக ஒரு நூல் ஆலை. பாட்டன் காலத்திலிருந்து அந்த ஆலையில்தான் வேலை. பிரட்டு மணி கேட்டு எழுந்து வளர்ந்த நமக்கு அந்த வாழ்க்கை புரியும். உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்தபோது, 1929இல் தொடங்கி 1930 தொடக்கத்திற்குள் ஆலை பகுதி பகுதியாக மூடப்பட்டது. ஊரில் 478 குடும்பங்கள். அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்குக் குடும்பங்கள் அரசு தரும் உதவிப் பணத்தை நம்பி வாழும் நிலைக்கு வந்துவிட்டன.

1931ஆம் ஆண்டு இறுதியில் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு அந்த ஊருக்குச் சென்றது. குழுவின் தலைவர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், வயது முப்பது. உடன் மரி யஹோடா என்ற இளம் பெண்மணி, உளவியல் படித்தவர், வயது 24. ஹான்ஸ் சைசெல் சட்டம் படித்தவர். மக்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராயலாம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஓட்டோ பாவர் என்ற அரசியல் தலைவர், வேலையில்லாமல் இத்தனை பேர் தவிக்கும்போது ஓய்வைப் பற்றி ஆராய்ச்சியா என்று கேட்டு அவர்களைத் திருப்பிவிட்டார்.

அவர்கள் தங்களுக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள். வெறும் பார்வையாளராக, நிருபராக, ஒருவரும் ஊருக்குள் போகக்கூடாது. போகிறவர் அந்த ஊருக்கு ஏதேனும் ஒரு வகையில் பயன்பட வேண்டும். ஆகவே வியன்னாவில் சுமார் 200 கிலோ பழைய துணிமணிகளைத் திரட்டினார்கள். யாருக்கு எது தேவை என்று கேட்க 100 வீடுகளுக்குச் சென்றார்கள். பெண்களுக்குத் தையல் வெட்டு வகுப்பு நடத்தினார்கள். மருத்துவர் வந்து இலவசமாகப் பார்த்தார். அந்தப் பழக்கத்தில்தான் மக்கள் மனம் விட்டுப் பேசினார்கள். கொடுப்பதையும் கேட்டறிவதையும் ஒன்றாகச் செய்தவர்கள் அவர்கள். நம்மைப் போன்ற அறக்கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

அதே நேரத்தில் அவர்கள் எண்ணாத பொருளே இல்லை எனலாம். ஊர் நூலகத்தின் பதிவேட்டைப் பார்த்தார்கள். வேலை போய்விட்டதே, நேரம் நிறைய இருக்குமே, மக்கள் கூடுதலாகப் படிப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? கட்டணத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் 1929க்கும் 1931க்கும் இடையில் நூல்கள் இரவல் வாங்கப்படுவது 48.7 விழுக்காடு குறைந்திருந்தது.

ஒருநாள் ஊரின் முக்கியத் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலோரம் மறைவாக நின்று, போகிற வருகிறவர்களைக் கணக்கெடுத்தார்கள். 68 ஆண்கள், 50 பெண்கள். அந்தத் தெருவைக் கடப்பதற்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றவர்கள் ஆண்களில் 39 பேர். பெண்களில் 3 பேர் மட்டுமே. ஒரு முறைகூட நிற்காமல் சென்றவர்கள் ஆண்களில் 6 பேர், பெண்களில் 30 பேர். ஆண்களிடம் கைக்கடிகாரம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நூறு பேரில் 88 பேர் கட்டியிருக்கவில்லை. அந்த 88 பேரில் வீட்டில் கடிகாரம் வைத்திருந்தவர்களே 31 பேர்தான்.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆண்கள் சோம்பேறிகள் என்று ஒருவர் முடிவு கட்டிவிடலாம். இங்குதான் இரண்டாவது கை தேவைப்படுகிறது. அன்றைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிக்கு மணி எழுதித் தரும்படி மக்களிடம் தாள்களைக் கொடுத்திருந்தார்கள். பெண்களின் தாள் நிறைந்து வழிந்தது. சமையல், துவைத்தல், ஒட்டுப்போட்டுத் தைத்தல், பிள்ளைகள், மறுபடி சமையல். ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை அல்லவா! ஆண்களின் தாளில் எழுந்தது, மதியம் உண்டது, படுத்தது ஆகிய மூன்று மட்டுமே உறுதியாக நின்றன. நடுவில் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே நினைவில்லை. அவசரப்படுவதற்கு ஒரு காரணம் இல்லாதவனுக்கு நேரம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. தெருவில் நடை ஏன் தளர்ந்தது, நூலகம் ஏன் வெறிச்சோடியது என்பதற்கு விளக்கம் இந்தத் தாள்களில் கிடைத்தது. இந்தத் தாள்களை மட்டும் படித்திருந்தால், யாரோ சிலரின் மனச்சோர்வு என்று ஒதுக்கியிருக்கலாம். ஊர் முழுவதும் அப்படித்தான் என்று காட்டியது தெருவோரத்துக் கணக்கு.

பள்ளிப் பிள்ளைகளையும் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மரியன்தால் பிள்ளைகள் கேட்ட பொருள்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. அது எண். எழுதிய விதத்தைப் பாருங்கள்: எனக்கு இது வேண்டும் என்று பல பிள்ளைகள் எழுதவில்லை. அப்பா அம்மாவிடம் பணம் இருந்தால் இதைக் கேட்டிருப்பேன் என்ற பாணியில் எழுதியிருந்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பிடிக்கலம்மா" என்று சொல்லும் பிள்ளைகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

அடுத்து, என்னை மிகவும் ஈர்த்த பகுதி. துணி கேட்கச் சென்ற 100 வீடுகளைப் பற்றிய குறிப்புகளை வைத்து, குடும்பங்களை அவற்றின் மனநிலைப்படி நான்காகப் பிரித்தார்கள். இன்னும் எதிர்காலத்தைப் பற்றித் திட்டம் போடுகிற, மனம் ஒடியாத குடும்பங்கள் 16. திட்டம் எதுவும் இல்லை, ஆனால் வீடும் பிள்ளைகளும் ஒழுங்காக இருக்கின்றன, இருப்பதை வைத்து ஒடுங்கிக்கொண்ட குடும்பங்கள் 48. வீடு ஒழுங்காக இருந்தும் உள்ளத்தில் நம்பிக்கையிழந்து தவிப்பவை 11. எதையும் கவனிக்காமல் விட்டுவிட்டவை 25. இது பார்த்தும் பேசியும் அறிந்தது. அதன்பிறகு அதே குடும்பங்களின் வருமானக் கணக்கை எடுத்தார்கள். பெரியவருக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு அதில் குறைவு என்று கணக்கிட்டு, ஒரு பங்குக்கு மாதம் எவ்வளவு என்று பார்த்தால் முதல் வகைக்கு 34 ஷில்லிங், அடுத்து 30, அடுத்து 25, கடைசி வகைக்கு 19!

கண்ணால் கண்டு பிரித்த வரிசையும் பணக் கணக்கு தந்த வரிசையும் ஒன்றாக நின்றன. ஐந்து ஷில்லிங் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். சர்க்கரை போடுவதா, மலிவான சாக்கரினோடு நிறுத்திக்கொள்வதா. பிள்ளையின் காலணியைத் தைக்கக் கொடுப்பதா, காலணி இல்லாமல் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பதா என்பதுதான் அந்த ஐந்து ஷில்லிங் என்று அவர்கள் விளக்கினார்கள். மனம் முறிவதைக் குணக்கேடு என்று எண்ணும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது எத்தனை ஷில்லிங்கில் நடக்கிறது என்று அந்த அட்டவணை காட்டுகிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொன்னார்கள். அந்த 100 வீடுகள் ஊரிலேயே கூடுதல் தேவையுள்ளவை என்று பொறுக்கியவை. ஆகவே அந்தக் கணக்கை ஊர் முழுமைக்கும் அப்படியே பொருத்தக்கூடாது. ஊர் முழுவதற்குமான மதிப்பீடு வேறு: ஒடியாதவை 23 விழுக்காடு, ஒடுங்கியவை 69, முறிந்தவை 8. யாரைப் பார்த்தோம், யாரைப் பார்க்கவில்லை என்று சொல்லாத புள்ளிவிவரத்தை நம்பாதீர்கள். எனக்கும் ஒரு குறை உண்டு. அந்த நான்கு வகைப் பெயர்களும் ஆய்வாளர் வைத்த பெயர்கள். அந்தக் குடும்பங்களைக் கேட்டிருந்தால் தங்களை எப்படி அழைத்திருப்பார்களோ!

அவர்களின் நூல் 1933இல் வெளிவந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. ஆய்வாளர்கள் யூதர்கள், நாட்டைவிட்டுச் சிதறினார்கள். யஹோடா அம்மையார் 1936இல் கைது செய்யப்பட்டு, 1937இல் இங்கிலாந்துக்குச் சென்றார். 2001இல் அங்கேயே காலமானார். நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1971இல்தான் வந்தது. கலப்பு முறை என்ற பெயர் பரவியதும் பல பத்தாண்டுகள் கழித்தே.

மரியன்தாலில் சிலருக்குக் காய்கறி பயிரிடச் சிறு தோட்டங்கள் இருந்தன. சாப்பாட்டுக்கே வழியில்லாத சில குடும்பங்கள் அந்தத் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கோடு பூச்செடியும் வளர்த்தன. உதவிப் பணத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி தவணையில் தலைமுடி சுருட்டும் கருவி வாங்கினார். ஆய்வாளர்கள் அதை எழுதி வைத்தார்கள். அதற்காக யாருக்கும் துணி மறுக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன், நான் அங்கம் வகித்த ஒரு குழுவில் ஓர் உதவி விண்ணப்பம் வந்தது. வீட்டைப் பார்த்து வந்தவர் படிவத்தின் ஓரத்தில், "பெரிய தொலைக்காட்சி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தொலைக்காட்சி எப்போது வாங்கியது, யார் கொடுத்தது, பக்கவாதத்தில் படுத்திருந்த அந்த வீட்டுத் தாத்தாவுக்குப் பகல் முழுவதும் அது ஒன்றுதானா துணை என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை நேர இலவச வகுப்புக்கு வருகைக் கணக்கை ஆராய்ந்து தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். 42 பிள்ளைகள் பதிவு செய்திருந்தார்கள். சராசரி வருகை 26. ஆர்வம் குறைந்துவிட்டது, வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்தேன். வரைபடமெல்லாம் போட்டு, பொருளாளர் பாராட்டும்படி இருந்தது. வருகைப் பதிவேட்டை வைத்திருந்த தொண்டூழியர், நாங்கள் அக்கா என்று அழைப்பவர், மெதுவாகச் சொன்னார்: "சார், மாதக் கடைசி வாரத்தை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க."

பார்த்தேன். முதல் இரண்டு வாரங்களில் 36, 37 பேர். மூன்றாவது வாரம் குறைகிறது. கடைசி வாரம் பத்தைத் தாண்டுவதே அரிது. நான் போட்ட சராசரி இந்த ஏற்ற இறக்கத்தை முழுவதும் விழுங்கியிருந்தது. ஆர்வம் குறைந்திருந்தால் முதல் வாரத்தில் மட்டும் எப்படித் திரும்பி வரும்?

ஏன் என்று பதிவேடு சொல்லாது. அக்காவும் இன்னும் இருவரும் வீடுகளுக்குச் சென்றார்கள். பல வீடுகளில் ஒரே பதில்தான்: பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவது அப்பா, மாதக் கடைசியில் இருக்கும் பெட்ரோல் வேலைக்குப் போய்வர மட்டும்தான் காணும். அந்தப் பிள்ளைகளுக்கு நம் உறுப்பினர்கள் சிலர் தங்கள் காரில் முறை வைத்து உதவினார்கள், வருகை ஏறியது. ஆனால் ஆறு வீடுகளில் காரணம் வேறு. மாதக் கடைசியில் தொழிற்சாலையில் அம்மாவுக்குக் கூடுதல் நேர வேலை கிடைக்கும், அதை விடமுடியாது, மூத்த பெண் பிள்ளை வீட்டிலிருந்து தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணில் இவ்விரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன: "வரவில்லை." அந்த ஆறு பெண் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு வழியும் செய்யவில்லை. கார் அனுப்பியாகிவிட்டது, வருகை ஏறிவிட்டது, அறிக்கை நன்றாக வந்துவிட்டது, அதோடு விட்டுவிட்டோம்.

அதனால்தான், அடுத்த மாதம் நீங்கள் எடுத்துச் செல்லப்போகும் படிவத்தில் ஒரு மாற்றம் கேட்டுப் பெற்றிருக்கிறேன். முன்பக்கத்தில் 14 கேள்விகள். வருமானம், வாடகை, பிள்ளைகளின் எண்ணிக்கை முதலியவை. எல்லா வீட்டிலும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் கேளுங்கள். அப்போதுதான் கூட்ட முடியும். பின்பக்கம் முழுவதும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அங்கே அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "குடும்பம் மிகவும் கஷ்டத்தில் உள்ளது" என்று உங்கள் சொல்லில் எழுத வேண்டாம். அந்த வரியை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் பார்த்ததை எழுதினால், அதைப் பற்றி அவர்களிடம் கேட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். பெயர் பின்பக்கத்தில் வேண்டாம். எண் மட்டும் போதும். அவர்கள் நம்பிச் சொன்னது கோயில் வாசலில் பேச்சாகிவிடக் கூடாது.

வெறுங்கையோடு போக வேண்டாம் என்று சமூகநலப் பிரிவு பள்ளிப் பைகளும் எழுதுபொருள்களும் வாங்கி வைத்திருக்கிறது. படிவத்தை நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் பையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், அதையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடுகள் பேச மறுத்தன என்பதும் அறிக்கையில் வரும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுத்த பணம் என்ன செய்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். அடுத்த ஆண்டு மலரில் அதற்கு அட்டவணையும் வரும், அட்டவணைக்குள் அடங்காததும் வரும். சில எண்கள் உங்களுக்கு மகிழ்ச்சி தராமல் போகலாம். அந்த ஆறு வீடுகளைப் போல நாம் தொடாமல் விட்ட வீடுகளும் அதில் இருக்கும். அதை அச்சிட இசைந்த அறங்காவலர்களுக்கு நன்றி.

அக்கா இன்று வந்திருக்கிறார். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். வீட்டுவாசலில் நின்று எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை என்னைவிட அவரே நன்றாகச் சொல்லித் தருவார். தேநீர் முடிந்ததும் அவரிடம் செல்லுங்கள். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு எட்டு வீடு.